போர்மேன் பரமசிவத்தின் பலகை

பரமசிவத்தைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான். சிங்கப்பூரின் செம்பவாங் கப்பற்படைத் தளத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் ஒரு வகை. மற்றவர்கள் எல்லாரும் இன்னொரு வகை. அந்த வகைக்கு அவர் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. கெர்பாவ் ரோட்டில் அவர் வேலை செய்த பட்டறையில் முதல் வகை அவர் ஒருவர்தான் என்பதால், காலையில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதே எல்லாரையும் ஒருமுறை பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

தளத்தில் அவர் பதினோரு வருடம் இருந்தது உண்மை. அந்தப் பதினொன்றில் ஒன்பது வருடம் அவர் செய்தது, கழற்றிப் போட்ட சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக அடுக்குகிற வேலை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கடைசி இரண்டு வருடம் ஸ்பேனர் பிடித்தார். அதுவும் ராணுவ லாரிகளில். பட்டை பட்டையாக ஸ்பிரிங்கும் ஒரே இரும்பு அச்சுமாக, எவன் எப்படி முடுக்கினாலும் ஓடுகிற வண்டிகள். பிறகு ஒருநாள் ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்டைப் பார்த்து, ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பதென்று உனக்குத் தெரியவில்லை என்றார். மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே நின்றார். வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்ததாகத் தேக்கா வட்டாரம் முழுக்கச் சொல்லி வைத்தார்.

அவருக்கு வேலை கொடுத்தது மங்களம். அவள் கணவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது, பட்டறையை விற்றுவிட்டு ஒதுங்கிக்கொள்வாள் என்றுதான் சிராங்கூன் ரோட்டில் எல்லாரும் நினைத்தார்கள். அவள் விற்கவில்லை. வாசலில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, யார் வண்டி எப்போது வந்தது, எப்போது போனது, எதற்கு மறுபடி வந்தது என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தாள். ஒரு பொம்பளையிடம் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறதே என்று பரமசிவத்துக்குத் தினமும் எரியும். அந்த எரிச்சலில், வந்த இரண்டாம் வாரமே, பட்டறைச் சுவரில் வெள்ளை பெயிண்டால் 'போர்மேன் பரமசிவம்' என்று தாமே எழுதிக்கொண்டார். அவருக்குக் கீழே இருந்தது இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் அந்த எழுத்தைப் பார்த்துச் சிரித்ததைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

உலகத்தில் எதையும் மதிக்காத அந்த மனுஷனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்தப் பட்டத்தை இன்னொருவர் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய கம்பெனி, அதில் தனக்கென்று ஓர் அறை, மேலே சுழலும் காற்றாடி, பாக்கெட்டில் பேனா, கையில் கிரீஸ் படாத வெள்ளைச் சட்டை. காப்பிக் கடையில் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே இதைத்தான் நினைப்பார். தகுதி இல்லாதவனெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்ற முடிவோடுதான் கிளாசைக் கீழே வைப்பார்.

அவருடைய பெருமை அத்தனையும் ஒரு வேலையில் அடங்கியிருந்தது. அந்தக் காலத்தில் அரை டன் பிக்கப் லாரிகள் நிறைய ஓடின. வெங்காயம், பருப்பு, மல்லி என்று ஏற்றிக்கொண்டு சரக்குக் கிட்டங்கிக்கும் கடைக்கும் அலைகிற வண்டிகள். அவற்றின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கும். பட்டறையில் அதற்கு 'ஆர்ம்' என்று பெயர். சக்கரம் மேலும் கீழும் ஆட ஆட இந்த ஆர்மும் ஆடும். அது வண்டிச் சட்டத்தோடு சேருகிற இடத்தில் 'புஷ்' என்று ஒரு ரப்பர் உருளை, நடுவில் சின்ன இரும்புக் குழாயோடு. அதன் ஊடே போல்ட்டைச் செருகி நட்டை முடுக்கினால், குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். ரப்பர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கிக் கொடுக்கும்.

பரமசிவம் ஆர்மைக் கழற்றிப் புதுப்பிப்பதைப் பார்க்கக் கண்கொள்ளாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழைய புஷ்ஷைத் தட்டி எடுப்பார். ஆர்மை மண்ணெண்ணெயில் கழுவி, துருவைச் சுரண்டி, பளபளவென்று கறுப்பு பெயிண்ட் அடிப்பார். சோப்புத் தண்ணீர் தடவி வைஸ் இடுக்கியில் வைத்து புதுப் புஷ்ஷை ஏற்றுவார். பிறகு வண்டி ஜாக்கியில் நிற்க, சக்கரம் அந்தரத்தில் தொங்க, வசதியாகக் குந்தி உட்கார்ந்து, ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்குவார். ஆனை வந்தாலும் அசையாது என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ஆனை வரவில்லை, ஆனாலும் ஆறாவது மாதம் அசைந்தது. அவர் கைபட்ட ஒவ்வொரு பிக்கப்பும் ஆறு மாதத்திலோ ஏழு மாதத்திலோ முன்பக்கம் கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டு, டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்து, திரும்பி வந்தது. பிரித்தால் ரப்பர் கிழிந்திருக்கும். அவர் அதற்குக் காரணம் தேடவே இல்லை. காரணம் எதிரிலேயே நின்றதாக அவர் நினைத்தார், டிரைவர். மாடு ஓட்ட வேண்டியவனெல்லாம் வண்டி ஓட்ட வந்தால் இப்படித்தான் என்பார். லோங்காங் சாக்கடையில் இறக்கினாயா, மூட்டையை மலை மாதிரி ஏற்றினாயா என்று நாலு பேர் முன்னால் வைத்து விளாசுவார். வந்தவனும் எங்கேயோ தப்புச் செய்திருப்போம் என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். அப்படி நின்றவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும் முதலில். நாற்பது பேரில் ஒருவனுக்குக்கூட, முடுக்கினது நீதானே என்று கேட்கத் தோன்றவில்லை.

திட்டினது போதாதென்று ஒரு பலகையும் செய்தார். ஆறடிப் பலகையில் வரிசையாக ஆணி அடித்து, கிழிந்த புஷ் ஒவ்வொன்றையும் மாட்டி, அதன் கீழே அந்த டிரைவரின் பெயரை வெள்ளை பெயிண்டால் எழுதினார். வாசலில் வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று நேரெதிரே தொங்கவிட்டார். மங்களம் ஒருமுறை, இது எதுக்கு போர்மேன், வந்தவங்க மனசு நோகாதா என்று கேட்டாள். நோகட்டும் என்றுதான் மாட்டியிருக்கிறேன் என்றார்.

அந்தப் பலகையில் மூன்று ஆணிகள் ரவூபுக்கு. ரவூப் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வைத்துக்கொண்டு, படகுத்துறைக் கிட்டங்கிகளிலிருந்து கேம்பல் லேன் கடைகளுக்கு வெங்காயம் அடிப்பவன். அதிகம் பேசமாட்டான். பேசாதவனைத் திட்டுவதில் பரமசிவத்துக்குத் தனி ருசி. நாகூரில் சாம்பிராணி போட வேண்டியவன் எதுக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாய் என்றுகூட ஒருநாள் கேட்டுவிட்டார். அறுபத்திரண்டில், நாலாவது முறையாக முன்பக்கம் கத்திக்கொண்டு வண்டி வந்தது. அது ஆயுத பூஜைக்கு முதல் நாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டுப் பூஜை என்று மங்களம் சொல்லியிருந்தாள். பரமசிவத்துக்குப் பூஜை புனஸ்காரம் எல்லாமே ஏளனம்தான். தளத்தில் வெள்ளைக்காரன் ஸ்பேனருக்குச் சந்தனமா பூசினான் என்று கேட்பார். பூஜையன்று காலை ஆர்ம் நான்கையும் புதுப் புஷ்ஷோடு வண்டியில் மாட்டினார். நட்டுகளைக் கையால் நாலு திருகு திருகி நிறுத்திவிட்டு, காப்பிக் கடைக்குப் போனார். கிடைத்தவனிடம் ஊர் உலகத்தையெல்லாம் கிழித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார்.

திரும்பியபோது பட்டறை கழுவி விட்டிருந்தது. ஸ்பேனர், சுத்தியல், வைஸ், ஜாக்கி எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகச் சாமி படத்தின் முன்னால் வாழையிலையில் இருந்தன. பிக்கப்பைத் தரையில் இறக்கியிருந்தார்கள். ஏனென்றால் பட்டறையில் நிற்கிற ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி நசுக்க வேண்டும் என்பது மங்களத்தின் கணவர் காலத்திலிருந்து நடக்கிற வழக்கம். அந்தரத்தில் தொங்குகிற சக்கரம் பழத்தை நசுக்காது. நட்டு முடுக்கவில்லை என்று பரமசிவம் கத்தினார். மறுநாள் பூஜை எடுக்கிறவரை ஒரு சாமானையும் தொடக்கூடாது என்று மங்களம் சொல்லிவிட்டாள். இந்தப் பொம்பளைக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் அடியில் என் தொழில் மாட்டிக்கொண்டதே என்று சபித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பொரி கடலைகூட வாங்கிக்கொள்ளவில்லை.

அவர் போன பிறகு ரவூப் வந்தான். கப்பலில் வெங்காயம் இறங்கிவிட்டது, தீபாவளிச் சரக்கு, அன்றைக்கே எடுக்காவிட்டால் வேறு வண்டிக்குப் போய்விடும் என்றான். மங்களத்துக்குச் சங்கடமாக இருந்தது. சாமிக்கு வைத்ததை எடுக்க முடியாது. அவன் தன் வண்டியின் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சாக்குப் பையை இழுத்தான்.

"எங்கிட்ட ரெண்டு ஸ்பேனர் இருக்குக்கா. நானே டைட் பண்ணிக்கிறேன்."

அவன் ஸ்பேனர் பூஜையில் இல்லை. அதனால் அதற்குத் தடையும் இல்லை என்று மங்களம் ஒரு நிமிஷம் யோசித்து ஒப்புக்கொண்டாள். ஜாக்கி பூஜையில் இருந்தது. ஆகவே ரவூப் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு சக்கரமும் தரையில் நிற்கிற வண்டியின் அடியில் மல்லாந்து நுழைந்து, முட்டியும் முழங்கையும் சிராய்க்க ஒவ்வொரு நட்டாக முடுக்கினான். ஒரு மணி நேரம் ஆயிற்று. மங்களம் கொடுத்த சுண்டலை ஒரு பொட்டலமாக வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துப் போனான்.

மறுநாள் விஷயம் தெரிந்ததும் பரமசிவம் விழுந்து விழுந்து சிரித்தார். சக்கரத்தைத் தரையில் வைத்துக்கொண்டு எவனாவது ஆர்ம் முடுக்குவானா, ஒரு மாதம் தாங்காது என்று காப்பிக் கடை முழுக்கச் சொன்னார். பலகையில் ரவூபின் நாலாவது ஆணியை அன்றைக்கே அடித்து வைத்தார். பெயரையும் எழுதிவிட்டார்.

அந்த ஆணி காலியாகவே இருந்தது. ஆறு மாதம் போயிற்று. ஒரு வருடம் போயிற்று. மலேசியா வந்தது, மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் தனியாக வந்தது. ரவூபின் பிக்கப் வரவில்லை. வேறு யாரிடமோ போய்க் கையைச் சுட்டுக்கொண்டிருப்பான் என்று பரமசிவம் சொல்லிக்கொண்டார். இல்லை, தெருவில் அந்த வண்டி சத்தமில்லாமல் ஓடுவதைத் தானே இரண்டு முறை பார்த்ததாக மங்களம் சொன்னபோது, பொம்பளைக்கு வண்டிச் சத்தம் என்ன தெரியும் என்றார்.

அறுபத்தாறில் ஒருநாள் காலை இரண்டு பிக்கப்கள் பட்டறை வாசலில் வந்து நின்றன. ஒன்று ரவூபினுடையது. மற்றொன்றிலிருந்து இறங்கியவர் லிம். ஜூரோங்கில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு சரக்கு லாரிக் கம்பெனியின் மேனேஜர். மலாயில் விஷயத்தைச் சொன்னார். அவரிடம் இதே மாதிரி பதினெட்டு பிக்கப்கள். எல்லாம் அரை வருடத்துக்கு ஒருமுறை முன் புஷ்ஷைத் தின்கின்றன. படகுத்துறையில் இந்த ஆளின் வண்டியைப் பார்த்தார். நாலு வருடமாக ஒரு கீச்சுச் சத்தம் இல்லை, டயர் ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறது. யார் செய்த ஆர்ம் என்று கேட்டதற்கு, கெர்பாவ் ரோடு பரமசிவம் போர்மேன் என்று இவன் சொன்னான்.

ரவூப் பொய் சொல்லவில்லை. ஆர்மைப் புதுப்பித்தது அவர்தானே.

லிம் மேலும் சொன்னார். ஜூரோங்கில் கம்பெனிக்குச் சொந்தப் பட்டறை கட்டியாகிவிட்டது. ஆறு மெக்கானிக்குகள், மேலே ஒரு போர்மேன். அறை இருக்கிறது, காற்றாடி இருக்கிறது. என் கண்முன்னால் இந்த வண்டிக்கு ஆர்ம் செய்து காட்டுங்கள், திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள்.

பரமசிவத்துக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. மங்களத்தை ஒரு பார்வை பார்த்தார். பத்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பார்வை. பிறகு வேலையில் இறங்கினார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக ஆர்ம் பிரித்ததே இல்லை. கழுவினார், சுரண்டினார், பெயிண்ட் அடித்தார், புஷ்ஷை நூல் பிசகாமல் ஏற்றினார். மத்தியானம் சாய்வதற்குள் ஆர்மெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. லிம் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பரமசிவம் ஸ்பேனரை எடுத்து, அதில் குழாயைச் செருகினார். சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ரவூப் பக்கத்தில் வந்து குந்தினான். அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அண்ணே, அன்னிக்கு மாதிரி கீழ இறக்கிட்டு டைட் பண்ணுங்க. தொங்குறப்ப டைட் பண்ணிட்டு இறக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்குதுண்ணே. அதான் கிழியுது. நாலு வருஷமா யோசிச்சுப் பாத்தேன்."

நட்டு இறுகுகிறபோது சக்கரம் எந்த நிலையில் இருக்கிறதோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் வைத்த நொடியிலிருந்தே ரப்பர் முறுக்கிய துணி மாதிரி அவதிப்படும். இவ்வளவுதான் விஷயம். அவருக்கு வந்த வேலையைக் கெடுக்க நினைக்கிறவன் உரக்கச் சொல்லியிருப்பான். ரவூப் மெதுவாகச் சொன்னான். ஜாக்கியின் பிடி பரமசிவத்தின் கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. சரி என்று முனகிவிட்டு அதை இறக்கியிருந்தால் போதும். திங்கட்கிழமை ஜூரோங்கில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கலாம். ரவூப் வாயைத் திறந்திருக்கமாட்டான்.

ஆனால் வெங்காய வண்டிக்காரன் தனக்கு வழி சொல்வதா? அதைவிட, தரையில் மல்லாந்து கிடந்து முடுக்கின அந்தக் கேவலமான வேலையைத் தான் செய்ததாக லிம் நினைத்துக்கொண்டிருப்பதா? பரமசிவத்தால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றார். லிம்முக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று, தளத்தில் கற்ற ஆங்கிலத்தில், உரக்கச் சொன்னார். இவன் வண்டியை முடுக்கினது நான் இல்லை. நான் இல்லாத நேரத்தில் இவனே தரையில் படுத்து முட்டாள்தனமாக முடுக்கிக்கொண்டு போனான். கப்பற்படைத் தளத்தில் பதினோரு வருடம் இருந்தவன் அப்படி ஒரு வேலை செய்யமாட்டான். இதோ, நான் செய்கிற முறை இதுதான்.

சொல்லிவிட்டு, தொங்குகிற சக்கரத்தின் நட்டை முழுப் பலத்தோடு முடுக்கினார்.

லிம் மலாயில் ரவூபைக் கேட்டார், நீயா முடுக்கினாய், தரையில் வைத்தா என்று. ரவூப் பரமசிவத்தின் முகத்தைப் பார்த்தான், பிறகு ஆமாம் என்றான். மங்களத்தைக் கேட்டார். அவள் எலுமிச்சம்பழத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். லிம் அந்த ஆறடிப் பலகையைக் காட்டி இது என்ன என்றார். மோசமான டிரைவர்கள் என்று பரமசிவம் பெருமையாகச் சொன்னார். ஒவ்வொன்றும் எத்தனை மாதம் ஓடியது என்றார் லிம். மங்களம் எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் ஆறு, ஏழு, ஆறு, ஐந்து என்று சொல்லிக்கொண்டே போனாள்.

லிம் கேட்டுக்கொண்டே விரல் விட்டு எண்ணினார். பிறகு ரவூபைப் பார்த்து, திங்கட்கிழமை ஜூரோங்குக்கு வா என்றார். நான் டிரைவர் என்றான் ரவூப். புஷ் ஏற்ற என்னிடம் ஆள் இருக்கிறது, எப்போது முடுக்க வேண்டும் என்று யோசிக்கிறவன்தான் இல்லை என்றார் லிம். போகும்முன் ரவூப் பரமசிவத்திடம் வந்து, வர்றேண்ணே என்றான். அந்த நட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி மறுபடி முடுக்கினதும் ரவூப்தான்.

வண்டிகள் போன பிறகு மங்களம் பலகையின் முன்னால் போய் நின்றாள். கிழிந்த புஷ்கள் இரண்டு மூன்றை ஆணியிலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"நாப்பது பேர் ஓட்டினா நாப்பது விதமா கிழிஞ்சிருக்கணுமே, போர்மேன். எல்லாம் ஒரே மாதிரில்ல முறுக்கிக் கிழிஞ்சிருக்கு."

பரமசிவம் வந்து பார்த்தார். பத்து வருடமாகத் தினமும் பார்த்த பலகை. தம் கையால் மாட்டின புஷ்கள். ஒவ்வொன்றிலும் கிழிசல் ஒரே இடத்தில், ஒரே போக்கில், ஒரே ஆள் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருந்தது. வெட்கமாக இருந்தது, அப்படி ஒன்று தமக்கு வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. யாரையாவது திட்ட வேண்டும் போல் இருந்தது. சுற்றிலும் பார்த்தார், மங்களம் உள்ளே போய்விட்டிருந்தாள்.

மறுநாள் அவர் எல்லாருக்கும் முன்பே வந்துவிட்டார். பலகையை இறக்கிச் சுவரில் சாய்த்து, புஷ்களை ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டார். பெயர்கள் போகவில்லை, வெள்ளை பெயிண்ட் பத்து வருடத்தில் நன்றாக இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் டப்பாவையும் துணியையும் எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து, முதல் பெயரிலிருந்து தேய்க்கத் தொடங்கினார். ரவூப் என்று நாலு இடத்தில் எழுதியிருந்ததைத் தேய்க்கத்தான் நேரம் பிடித்தது. தேய்த்து முடித்தவற்றைக் கோடு தெரியாமல் துடைத்தார். அந்த வேலை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருடம் செய்த வேலை.